இரட்டையில் பிறந்த காளைக்கன்றைப் பொலிகாளையாக விடலாமா? குரோமோசோம் சோதனை எந்த மாட்டுக்கு வேண்டும்?

பெகு_தொழுவம்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி மூன்று. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரே இழையில் போடுகிறேன்.

இடம் பர்மாவில் பெகு ஊருக்கு வெளியே. ஃப்ரீசியன் கலப்பு 11, நாட்டு மாடு 6. அக்கம்பக்கத்து வீட்டு மாடுகளுக்கும் சேர்த்து ஒரே பொலிகாளைதான். உறைவிந்தைக் கெடாமல் வைக்கும் திரவ நைட்ரஜன் ஒழுங்காக வந்து சேருவதில்லை, அதனால் சினை ஊசியை நம்பி உட்கார முடியவில்லை.

1. மூன்றாம் ஈத்துக் கலப்புப் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது. ஒன்று காளை, ஒன்று கிடேரி. வயது 19 நாள், இரண்டும் நன்றாக ஊட்டுகின்றன. தாய் போன ஈத்தில் உச்சத்தில் நாளுக்கு 7 வீசை கறந்த மாடு. அதனால் காளைக்கன்றை அடுத்த பொலிகாளையாக வளர்க்கலாம் என்று ஊரில் ஆசை. கிடேரியை விலைக்குக் கேட்டு இப்போதே ஆள் வருகிறது. இரட்டையில் பிறந்த கிடேரி சினை பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்வது எவ்வளவு நிஜம்? காளைக்கும் குறை உண்டா?

2. இரண்டு கன்றுக்கும் தகப்பன் இப்போதுள்ள பொலிகாளை. வெளியிலிருந்து வாங்கியது, வயது 5. ஏறுவதில் குறையே இல்லை. ஆனால் சினை நிற்காத மாடுகள் 21 நாளில் மறுபடி பருவத்துக்குத் திரும்பாமல் 30, 34 என்று தள்ளித் தள்ளித் திரும்புகின்றன. காளைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எப்படி உறுதி செய்வது?

3. நாட்டு எருமை 4 இருக்கிறது. முர்ரா என்ற பால் எருமை இனத்துக்கும் நாட்டு எருமைக்கும் பிறந்த கலப்புக் கிடா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. விடலாமா?

சினைஊசி_தட்டோன்:

தம்பி, கிடேரி விஷயம்தான் அவசரம். அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை மோல்மேன் டாக்டர் வந்து சொல்லட்டும்.

பெரியவர்கள் சொன்னது சரிதான். காளையோடு சேர்ந்து பிறந்த கிடேரிகளில் 100க்கு 90 முதல் 95 வரை மலடு. இதை ஃப்ரீமார்ட்டின் என்பார்கள். தீனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண்ணேறுக்கும் சம்பந்தமில்லை. சினையாகி 30, 40 நாளில் இரண்டு கன்றின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு இரண்டுக்கும் ஓடுவது ஒரே ரத்தம். காளைக்கன்றின் விரையில் சுரக்கும் ஹார்மோன், கிடேரிக்குக் கருப்பையாக மாற வேண்டிய குழாயை வளரவிடாமல் அமுக்கிவிடும். சூலகமும் பாதியில் நின்றுபோகும், சிலவற்றில் விரை மாதிரியே திரிந்திருக்கும். ரத்தத்தை உண்டாக்கும் செல்களும் இங்கிருந்து அங்கே போய் எலும்பு மஜ்ஜையில் குடியேறிவிடுவதால், அந்தக் கிடேரியின் ரத்தத்தில் சாகும்வரை பெண் செல்லும் ஆண் செல்லும் கலந்தே இருக்கும். ரத்தக்குழாய் ஒட்டுவதுதான் காரணம் என்று அமெரிக்காவில் ஃபிராங்க் லில்லி 1916லேயே எழுதிவிட்டார். செல்கள் இடம் மாறிக் குடியேறுவதை 1945இல் ரே ஓவன் ரத்த வகைகளை வைத்துக் காட்டினார்.

மீதி 5, 10 கிடேரிக்குக் குழாய் ஒட்டவே இல்லை. அவை மற்ற கிடேரி போலவே சினை பிடிக்கும். உங்களுடையது எந்தக் கட்சி என்பதைத் தொழுவத்திலேயே பார்த்துவிடலாம், இந்த வயதில்தான் சுலபம்.

சுண்டுவிரல் பருமனில், முனை மழுங்கி உருண்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று எடுங்கள். 25 செ.மீ. நீளம் போதும். ஒவ்வொரு செ.மீ.க்கும் பேனாவால் கோடு போடுங்கள். வெந்நீரில் கழுவி ஆறவைத்து, லிக்விட் பாரஃபின் தடவுங்கள். ஒருவர் கன்றைப் பிடிக்க, ஒருவர் வாலைத் தூக்க, பிறப்புறுப்பின் மேல்பக்கச் சுவரை ஒட்டினாற்போல் குழாயைச் சற்று மேல்நோக்கி நுழைத்து, 4, 5 செ.மீ. போனதும் மட்டமாகத் திருப்பித் தள்ளுங்கள். நேராகக் குத்தினால் மூத்திரத் துவாரத்துக்குக் கீழே உள்ள பையில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து மலடு என்று தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். எங்கே தடுக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பலம் கொடுத்தால் கிழிந்துவிடும்.

ஒரு மாதத்துக்கு உட்பட்ட நல்ல கிடேரியில் 12, 15 செ.மீ. தாராளமாகப் போகும். ஃப்ரீமார்ட்டினில் 5 முதல் 8க்குள் முட்டி நின்றுவிடும். குழப்பம் வராமலிருக்க, ஒற்றையாகப் பிறந்த அதே வயதுக் கிடேரி ஒன்றை முதலில் அளந்து பாருங்கள், பிறகு இதை அளங்கள். வெளியே பார்த்தால் கீழ்முனையில் நீளமாக ஒரு முடிக்கற்றை, உள்ளே கிளிட்டோரிஸ் பெரிதாகத் துருத்திக்கொண்டு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அதை மட்டும் நம்பவேண்டாம்.

அளக்கும்வரை வாங்க வருகிறவரிடம் கைநீட்டி முன்பணம் வாங்காதீர்கள். கறவைக் கிடேரி என்று விற்று ஒன்றரை வருடம் கழித்து அவர் திரும்பி வந்தால் ஊரில் பேச்சு நிற்காது.

கால்நடை_மோல்மேன்:

தட்டோன் அண்ணன் சொன்னதற்கு மேல் கிடேரியைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். ஒற்றையாகப் பிறந்த கிடேரியும் அபூர்வமாக ஃப்ரீமார்ட்டினாக இருக்கும். கூட இருந்த காளைக்கரு, குழாய் ஒட்டியபிறகு உள்ளேயே செத்துக் கரைந்திருந்தால் அப்படி ஆகும். 18 மாதமாகியும் ஒருதரம்கூடப் பருவத்துக்கு வராத, உடம்பு மட்டும் நன்றாகத் தேறிய கிடேரியைப் பார்த்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காளைக்கன்று. அதன் ரத்தத்திலும் பெண் செல்கள் இருக்கும். பிறப்புறுப்பு பார்வைக்குச் சரியாக இருக்கும், பெரும்பாலும் ஏறவும் செய்யும், சினையும் பிடிக்கும். ஆனால் இப்படிப்பட்ட காளைகளில் சிலவற்றுக்கு விந்தின் தரம் வயது ஏற ஏறச் சீக்கிரமே விழுந்துவிடும். ஒரு தனி வீட்டில் நாலு மாட்டுக்கு என்றால் பரவாயில்லை. ஊருக்கே ஒரே காளை என்கிற இடத்தில் இந்தச் சூதாட்டம் எதற்கு? அதோடு அது பொலிகாளையாகும் வயதில் ஊர்க் கிடேரிகளில் பாதி அதன் அப்பனுக்குப் பிறந்தவையாக இருக்கும், அதாவது ஒரே தகப்பன் வழித் தங்கைகள். என் தீர்ப்பு: காயடித்து உழவுக்கு வையுங்கள்.

2ஆம் கேள்வி. "குரோமோசோம்" என்று அடித்துச் சொன்னவருக்கு அவசரம் அதிகம். இயற்கையாக ஏறுகிற காளை, வயது 5, வெளியிலிருந்து வாங்கியது, மாடுகள் 30 நாளுக்கு மேல் திரும்புகின்றன. இந்த நாலையும் சேர்த்து வைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது ட்ரைக்கோமோனாஸ், கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு கிருமிகள்தான். இரண்டும் ஏறும்போது தொற்றுவது. காளைக்கு ஒன்றும் தெரியாது, காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. வயதான காளையின் குறித்தோலில் மடிப்பு ஆழமாகிவிடுவதால் கிருமி அங்கேயே நிரந்தரமாகத் தங்கும். பசுவில் கரு தரித்து, சில வாரம் வளர்ந்து, அப்புறம் சாகும். அதனால்தான் திரும்புவது தள்ளிப்போகிறது.

ஏன் தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் நோட்டுப்புத்தகமே பாதி நோயைச் சொல்லிவிடும். கரு உண்டாகவே இல்லை, அல்லது 15 நாளுக்குள் செத்துவிட்டது என்றால் மாட்டுக்குச் சினை ஆனதே தெரியாது, 18 முதல் 24 நாளில் வழக்கம்போல் கத்தும். 16, 17ஆம் நாளுக்குமேல் கரு உயிரோடு இருந்தால் கருப்பைக்குச் செய்தி போய்விடும், சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் சூலகத்து மஞ்சள் உடலம் கரையாது. அதற்குப் பிறகு கரு செத்தால் 25, 30, 40 நாள் என்று ஒழுங்கில்லாமல் திரும்பும். ஆனால் 38 முதல் 44 வரை உள்ளதைத் தனியாக எடுத்து வையுங்கள். அது நடுவில் ஒரு பருவத்தை நாம் பார்க்காமல் விட்டதாக இருக்கலாம், இரண்டு 21 சேர்ந்தால் 42.

ஒவ்வொரு மாட்டுக்கும் ஏறிய தேதி, திரும்பிய தேதி, இடையில் எத்தனை நாள், பருவத்தில் பிறப்புறுப்பிலிருந்து வழியும் வழும்பு கண்ணாடி மாதிரி இருந்ததா கலங்கலா, இவ்வளவையும் எழுதி இங்கே போடுங்கள்.

குரோமோ_கணக்கு:

டாக்டர் சொன்ன வரிசைதான் சரி. குரோமோசோம் கோளாறு எங்கே வருகிறது என்பதை நான் விளக்குகிறேன், ஏனென்றால் பொலிகாளைக்கு இது தேவைப்படும் சோதனைதான், இந்தத் தொந்தரவுக்குக் காரணம் இதுவாக இல்லாவிட்டாலும்.

மாட்டுக்கு 60 குரோமோசோம். அதில் 58, அதாவது 29 ஜோடி, எல்லாம் ஒரே பக்கம் மட்டும் கை நீண்டவை, பார்க்க ஊசி மாதிரி. மீதி இரண்டும் பாலைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய். எக்ஸ் இரண்டு பக்கமும் கை உள்ளது, பெரிது. இந்த அமைப்பினால் ஒரு வசதி: இரண்டு ஊசி தலையோடு தலை ஒட்டிக்கொண்டால் மைக்ராஸ்கோப்பில் உடனே கண்ணில் படும். எண்ணிக்கை 59 ஆகும், இரண்டு பக்கமும் கை உள்ள புதுசு ஒன்று தோன்றும்.

மாட்டில் மிகவும் பரவலானது 1ஆம் எண்ணும் 29ஆம் எண்ணும் ஒட்டிக்கொள்வது. ஸ்வீடனில் இங்கமார் குஸ்தாவ்ஸன் 1964இல் வெளியிட்டது. ரத்தப் புற்றுநோய் வந்த மாடுகளை ஆராயப் போய்த் தற்செயலாகக் கண்ணில் பட்டது. பிறகு தேடிப் பார்த்தால் ஸ்வீடனின் செவலை வெள்ளை இன மாடுகளில் ஏறத்தாழ 100க்கு 14இல் இருந்தது. பிரிட்டிஷ் ஒயிட், பிளாண்ட் தாக்கிதேன், இத்தாலியின் ரொமாஞோலா என்று இறைச்சி இனங்கள் பலவற்றிலும் உண்டு. ஃப்ரீசியனில் மிக அரிது. ஆகவே உங்கள் காளை ஃப்ரீசியன் கலப்பு என்றால் இந்த ஒட்டுக்கு வாய்ப்புக் குறைவு. சாரொலே, சிம்மென்டல் ரத்தம் இருந்தால் கேள்வி வேறு.

இப்படி ஒட்டினாலும் மாட்டுக்கு மரபுப் பொருள் குறையவில்லை, கூடவும் இல்லை. அதனால் உடம்பில் ஒரு குறையும் தெரியாது. நடை, கறவை, எடை எல்லாம் சரி. விந்தை எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கையும் ஓட்டமும் சரி. தொந்தரவு விந்தணுவோ சூல்முட்டையோ உண்டாகும்போதுதான். ஒட்டிய குரோமோசோம், தனியாக உள்ள 1, தனியாக உள்ள 29 ஆகிய மூன்றும் சேர்ந்து பிரிய வேண்டும். சில சமயம் கோணலாகப் பிரியும். அப்படிப் பிரிந்ததில் உண்டாகும் கரு, ஒன்று கூடியோ ஒன்று குறைந்தோ இருப்பதால் முதல் சில வாரத்துக்குள் செத்துவிடும். சினைப் பிடிப்பு 100க்கு 5 முதல் 10 வரை விழும். அவ்வளவுதான். அதிகம் விழாததுதான் ஆபத்து, யாருக்கும் சந்தேகம் வராது. உயிரோடு பிறக்கும் கன்றுகளில் பாதிக்கு இந்த ஒட்டு போய்ச் சேரும். காளையும் பசுவும் இரண்டுமே ஒட்டுள்ளவை என்றால் 58 உள்ள கன்றுகூடப் பிறக்கும், அதுவும் ஆரோக்கியமாகவே நடமாடும்.

இன்னொரு வகை உண்டு. இரண்டு குரோமோசோம் துண்டு உடைந்து ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்வது. எண்ணிக்கை 60ஆகவே இருக்கும், பெரிய துண்டாக இல்லாவிட்டால் சாதாரணச் சாயத்தில் தெரியாது, பட்டை பட்டையாகச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இது எந்த இனத்திலும் திடீரென்று வரும், ஃப்ரீசியனிலும். சினைப் பிடிப்பை 1-29ஐவிட மோசமாக விழவைக்கும், சில காளைகளில் பாதிக்குப் பாதி.

எக்ஸ் கூடியது குறைந்தது எல்லாம் வேறு கணக்கு. அவை அந்த மாட்டோடு முடிந்துவிடும். 61, எக்ஸ்எக்ஸ்ஒய் காளைக்கு விரை சிறுத்து விந்தணுவே இருக்காது. 59, ஒற்றை எக்ஸ் கிடேரிக்குச் சூலகம் வளராது. கன்று போடாத மாடு வம்சத்துக்குக் கெடுதல் செய்யாது. கெடுதல் செய்வது நன்றாகக் கன்று போடுகிற, குறை தெரியாத பொலிகாளைதான். ஒரு பசு ஆயுசில் ஐந்தாறு கன்று போடும். ஊர்க் காளை வருடத்துக்கு 50 மாட்டில் ஏறும். உறைவிந்துக் காளை என்றால் ஆயிரக்கணக்கில். அதனால்தான் இந்தியாவில் உறைவிந்து நிலையங்களுக்கான குறைந்தபட்சத் தர விதிமுறையில் ஒவ்வொரு காளைக்கும் கேரியோடைப், அதாவது குரோமோசோம்களை எண்ணி அமைப்பைப் பார்க்கும் சோதனை, கட்டாயம். உங்களுக்கு வரும் உறைவிந்துக் குச்சி எந்த நிலையத்துடையது, காளைக்குக் கேரியோடைப் ஆகியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் சொல்லுவார்கள், நம் ஆட்கள்தான் கேட்பதில்லை.

எருமைப்பால்_துவான்டே:

3ஆம் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கலப்புக் கிடா வேண்டாம் தம்பி. மலிவாகக் கிடைப்பதன் காரணமே அதுவாக இருக்கலாம்.

பர்மா நாட்டு எருமை சேற்று எருமை, 48 குரோமோசோம். முர்ரா ஆற்று எருமை, 50. ஆற்று எருமையின் 4ம் 9ம் வாலும் தலையுமாக ஒட்டிக்கொண்டதுதான் சேற்று எருமையின் 1. இரண்டும் கலந்தால் கன்றுக்கு 49. குரோமோ தம்பி மாட்டுக்குச் சொன்ன அதே தொந்தரவு இங்கே ஒவ்வொரு முதல் கலப்பிலும் இருக்கிறது, அபூர்வம் இல்லை. பெட்டை சினை பிடிக்கும், கன்று போடும், நன்றாகக் கறக்கும். சில சமயம் ஈத்து இடைவெளி நீளும். கிடாவில்தான் அடி அதிகம், விரைக்குள் விந்தணு உண்டாகும்போதே நிறைய அழிந்துபோகும். ஒன்று நன்றாகப் பிடிக்கும், அடுத்தது பிடிக்காது, முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கணக்கு இப்படி. 49 பெட்டைக்கு முர்ராக் கிடா விட்டால் கன்றில் பாதி 50, பாதி 49. நாட்டுக் கிடா விட்டால் பாதி 48, பாதி 49. 49க்கு 49ஐயே விட்டால் 48, 49, 50 மூன்றும் பிறக்கும், இரண்டு பக்கமும் கோணல் பிரிவு சேர்ந்து சினையும் அதிகம் விழும். நீங்கள் கேட்கும் கிடாவை நாட்டு எருமைக்கு விட்டால் இரண்டாவது கணக்கு, பாலும் பெரிதாக ஏறாது. பால் வேண்டும் என்றால் சுத்த முர்ராக் கிடா அல்லது முர்ராச் சினை ஊசி, அடுத்த தலைமுறைக்கும் முர்ராவே. வயல் வேலைக்கு வேண்டும் என்றால் நாட்டுக் கிடா. நடுவில் நிற்கிற கிடாவைக் காயடித்துவிடுங்கள்.

கொம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். முர்ராவுக்குக் கொம்பு சுருண்டிருக்கும், நாட்டு எருமைக்குப் பிறை மாதிரிப் பின்னால் வளைந்து அகலும், தொண்டையில் வெள்ளைக் கோடு இருக்கும். முதல் கலப்பில் இரண்டுக்கும் நடுவாக இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். இரண்டாம் கலப்பில் 49ஆ 50ஆ என்பது ரத்தத்தில்தான் தெரியும்.

முதல் ஈத்து நாட்டு எருமைக்கு முர்ரா விடாதீர்கள், கன்று பெரிதாகிச் சிக்கிக்கொள்ளும். இரண்டு ஈத்துக் கண்டதற்கு விடுங்கள். சினை நாளும் மாறும்: முர்ராவுக்கு ஏறத்தாழ 310, நாட்டு எருமைக்கு 330 வாக்கில், கலப்புக்கன்று இடையில் எங்காவது. 320 தாண்டியதும் பதறி யாரையாவது கூப்பிட்டு ஊசி போட்டுக் கன்றைத் தள்ளவைக்காதீர்கள்.

கேட்காத கேள்விக்கும் பதில்: எருமைக் கிடா பசுவில் ஏறினால் கன்று வராது. சின் மலையில் வளர்க்கும் மிதுன் என்ற அரைக்காட்டு மாடு வேறு சமாச்சாரம். அதற்கு 58, மாட்டோடு சேரும், கன்றுக்கு 59. அந்தக் கிடேரி சினை பிடிக்கும், காளை மலடு.

பெகு_தொழுவம்:

ரொம்ப நன்றி அக்கா, ஐயா, எல்லாருக்கும். கிடாவைக் கைவிட்டாயிற்று.

கிடேரி அளவு: ஒற்றைக் கிடேரி, 3 வாரம், 14 செ.மீ. இரட்டைக் கிடேரி 6 செ.மீ. மறுநாள் காலையில் திரும்ப அளந்தாலும் 6தான். முடிக்கற்றை இருக்கிறது.

காளை நோட்டு: ஏறியது 23. சினை நின்றது 9. திரும்பியது 14: 19 முதல் 23 நாளில் 3, 26 முதல் 36 நாளில் 9, 41 நாளில் 1, 42 நாளில் 1. திரும்பியவற்றில் இரண்டு மாட்டுக்கு வழும்பு கலங்கல், ஒன்றுக்குச் சீழ்.

இன்னொன்று. வாலிலிருந்து முடியைப் பிடுங்கி வேரோடு அனுப்பினால் ஃப்ரீமார்ட்டினையும் காளையின் குரோமோசோமையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம் என்று ஒருவர் சொல்கிறார். ரத்தம் எடுப்பதைவிடச் சுலபம். அது போதுமா?

கால்நடை_மோல்மேன்:

6 செ.மீ. இரண்டு தரம், பக்கத்தில் 14. கிடேரிக்கு ஆய்வகச் செலவு வேண்டாம். தீனி போட்டுத் தேற்றி எடைக்கு விற்கலாம், ஃப்ரீமார்ட்டின் நன்றாகச் சதை பிடிக்கும். வாங்குகிறவரிடம் மலடு என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

நோட்டைப் பாருங்கள். 41, 42 இரண்டையும் ஒதுக்கினால் 21 ஏற்றத்தில் 9 கரு நடுவில் செத்திருக்கிறது. 1-29 ஒட்டு இருந்தால் 100க்கு 5, 10 விழ வேண்டும், இங்கே பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அளவே பொருந்தவில்லை. குரோமோ தம்பி சொன்ன இடமாற்ற வகையானால் இவ்வளவு விழலாம், ஆனால் அது சீழ் கொண்டுவராது. சீழ் தொற்றைத்தான் காட்டுகிறது.

இன்றே காளையைத் தனியாகக் கட்டுங்கள், இனி ஒரு மாட்டிலும் ஏறக்கூடாது. ஒரு வாரம் ஓய்வு கொடுத்தபிறகு குறித்தோல் கழுவல் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றாக மூன்று தரம். மூன்றிலும் ட்ரைக்கோமோனாஸ் இல்லை என்று வந்தால்தான் இல்லை என்று அர்த்தம், ஒரு தரம் எடுத்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. கேம்பிலோபாக்டர் காற்றுப் பட்டால் செத்துவிடும், அதற்குத் தனி ஊடகக் குப்பி வேண்டும், முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துவிடுங்கள். ட்ரைக்கோமோனாஸ் வந்துவிட்டால் காளைக்கு நம்பத்தகுந்த மருந்து இல்லை, கறிக்குத்தான். பசுக்கள் பெரும்பாலும் மூன்று, நாலு பருவம் காளை படாமல் விட்டால் தானே தெளிந்துவிடும். சீழ் உள்ளதற்கு மட்டும் வைத்தியம் வேண்டும். அதற்குப் பிறகு சினை ஊசி, அல்லது இதுவரை எந்த மாட்டிலும் ஏறாத இளங்காளை.

அந்த இளங்காளையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் குரோமோசோம் சோதனைக்குப் பணம் செலவழியுங்கள். இந்தக் காளைக்கு வேண்டாம்.

குரோமோ_கணக்கு:

முடிவேர் இரண்டுக்குமே உதவாது. காரணம் வேறு வேறு.

ஃப்ரீமார்ட்டினில் ஆண் செல் கலந்திருப்பது ரத்தத்தில். முடிவேர் அந்தக் கிடேரியின் சொந்தச் செல். அதைச் சோதித்தால் சுத்தப் பெண் என்றே வரும், மலட்டை நல்லது என்று விற்றுவிடுவோம். சந்தேகமான கிடேரிக்கு, ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் எடுத்து, ஒய் குரோமோசோமின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். எண்ணிப் பார்க்கிற முறை என்றால் 20 செல்லோடு நிறுத்தக் கூடாது. சிலதில் ஆண் செல் 100க்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், நூற்றுக்கு மேல் எண்ண வேண்டும். இதே காரணத்தால் இரட்டையின் ரத்தத்தில் டி.என்.ஏ. எடுத்துத் தகப்பனை நிரூபிக்கப் போனால் இரண்டு கன்றின் கணக்கும் கலந்து குழம்பும். அதற்கு மட்டும் முடிவேர் நல்லது.

காளையின் ஒட்டைப் பார்க்க உயிருள்ள செல் வேண்டும், பிரிந்துகொண்டிருக்கிற செல். முடிவேரில் டி.என்.ஏ. கிடைக்கும், ஆனால் ஒட்டினதில் பொருள் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதால் சாதாரண மரபணுச் சிப் ஒன்றும் காட்டாது. சிப்பில் சுத்தமாக வந்த காளை குரோமோசோமிலும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புது இளங்காளைக்கு ரத்தம் எடுக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து ரத்தக்குழாயில் 5 முதல் 10 மி.லி. சோடியம் ஹெப்பாரின் குழாய், பச்சை மூடி. ஊதா மூடி ஈ.டி.டி.ஏ.யில் எடுத்தால் செல் வளராது, திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். கட்டி தட்டினால் அந்தக் குழாய் வீண். இரண்டு குழாய் எடுப்பது புத்திசாலித்தனம். ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிடுங்கள், கிருமி ஒன்று உள்ளே போனாலும் 37 டிகிரியில் மூன்று நாள் வளர்க்கும்போது செல்லைவிட அதுதான் பெருகும். காளைக்குக் காய்ச்சல் இருந்தால், தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகாவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

குழாயைச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, ஐஸ் பையோடு தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் உறைந்து செல் வெடித்துவிடும். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது, 48க்குமேல் பிரிகிற செல் குறைந்துபோகும். அதனால் திங்கள், செவ்வாயில் எடுங்கள், வெள்ளிக்கிழமை எடுத்து வார இறுதியில் பஸ் கூடத்தில் கிடக்க விடாதீர்கள். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் வாரத்தில் யோசிக்கவே வேண்டாம், வெயிலும் உச்சம், ஆய்வகமும் மூடியிருக்கும். எல்லை தாண்டி அனுப்புவதாக இருந்தால் கால்நடை ரத்தத்துக்கு அந்த நாட்டு இறக்குமதி அனுமதி முதலில் கையில் வேண்டும், கோமாரி பயத்தால் அனுமதியில்லாத பெட்டியைச் சுங்கத்திலேயே அழித்துவிடுவார்கள்.

ஆய்வகத்தில் 72 மணி நேரம் வளர்த்து, கடைசியில் கோல்சிசின் போட்டுப் பிரிவை நடுவில் நிறுத்தி, உப்புக் குறைந்த கரைசலில் ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து பதப்படுத்தி, கண்ணாடியில் சொட்டி ஜீம்சாச் சாயம் போடுவார்கள். பட்டைச் சாயமும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் எண்ணி மட்டும் 60 என்று எழுதிவிடுவார்கள், இடமாற்ற வகை தப்பித்துவிடும்.

குழாயோடு ஒரு தாளில் வயது, தாய் இனம், தகப்பன் இனம், ஒற்றையா இரட்டையா எல்லாம் எழுதி அனுப்புங்கள். தகப்பன் இனம் முக்கியம். ஃப்ரீசியன் வழியில் வரும் ஒய்க்கு இரண்டு பக்கமும் கை உண்டு, நம் நாட்டுத் திமில் மாட்டு வழியில் வரும் ஒய் சின்ன ஊசி. ஒய் தகப்பனிடமிருந்து மட்டுமே வருவதால், நாட்டுக் காளைக்கும் ஃப்ரீசியன் பசுவுக்கும் பிறந்த காளைக்கன்றுக்கு நாட்டு ஒய்தான் இருக்கும். இரண்டாலும் சினைப் பிடிப்புக்குக் குறையில்லை. ஆனால் இனம் எழுதாமல் அனுப்பினால், பார்க்கிறவர் ஒய்யைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பார்.

பெகு_தொழுவம்:

காளையைக் கட்டியாயிற்று. கழுவல் குப்பிக்குச் சொல்லிவிட்டேன். இளங்காளை பார்க்கும்போது தாயின் நோட்டும் கேட்டு வாங்குகிறேன், ஒற்றையாகப் பிறந்ததா என்றும் கேட்கிறேன்.

சினைஊசி_தட்டோன்:

விரைச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள் தம்பி. அளவு நாடாவை விரைப்பையின் பருத்த இடத்தில், இரண்டு விரையையும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால், கையில் கல் மாதிரியோ பஞ்சு மாதிரியோ பட்டால், ரத்தம் எடுக்கிற செலவுகூட வேண்டாம், அடுத்த காளையைப் பாருங்கள்.